கதிர் எப்போது 'அவன்' ஆகிறான்?

கேள்வி: இளையோருக்கான நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். 31 அத்தியாயங்கள், 72,000 சொற்கள். பிறப்பில் பெண் என்று பதிவான 18 வயதுக் கதிர், வேறு ஊரில் கல்லூரி விடுதியில் சேர்கிறான். அங்கே உடன் படிக்கும் யாழினியைக் காதலிக்கிறான், தன்னைத் திருநம்பி என்று உணர்கிறான், வீட்டாரோடு மோதுகிறான், தனியறை எடுத்துக்கொண்டு போகிறான். 22-ஆம் அத்தியாயம் வரை கதைசொல்லி 'அவள்' என்றும் அதன்பின் 'அவன்' என்றும் எழுதியிருக்கிறேன். இது சரியா? படித்த நண்பர்கள் மூவரும் 'நல்ல கருத்து' என்கிறார்கள். ஆனால் ஒருவர்கூட ஒரே மூச்சில் படித்ததாகச் சொல்லவில்லை. கதைச்சுருக்கத்தையும் முதல் 5 அத்தியாயங்களையும் இணைத்திருக்கிறேன். எங்கே திருத்துவது?

பதில்: மூன்று பேர் படித்துவிட்டு மூவருமே 'நல்ல கருத்து' என்று நிறுத்திக்கொண்டால், கதை அவர்களை இழுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சுருக்கத்தைப் படித்ததுமே காரணம் தெரிகிறது. கதிர் திருநம்பி என்பதை 20-ஆம் அத்தியாயம் வரை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். நூல் வெளிவரும்போது பின்னட்டையிலேயே அது இருக்கும். தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கதாநாயகன் எப்போது கண்டுபிடிப்பான் என்று வாசகர் 19 அத்தியாயம் காத்திருக்கமாட்டார்.

இந்தக் கதையில் 'இவன் யார்' என்பது மர்மம் இல்லை. தெரிந்த பிறகு யாரிடம் சொல்கிறான், யாரிடம் மறைக்கிறான், எதற்கு என்ன விலை கொடுக்கிறான் என்பதில்தான் பக்கம் புரட்ட வைக்கும் விசை இருக்கிறது. தனக்குத்தானே ஒப்புக்கொள்ளும் இடத்தை 8 அல்லது 9-ஆம் அத்தியாயத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்படிச் செய்தால் மிச்சமுள்ள 20-க்கு மேற்பட்ட அத்தியாயங்களில் கதிர் முடிவெடுக்கிறவனாக இருப்பான். இப்போது முதல் பாதியில் அவன் செய்வதெல்லாம் தவிப்பதுதான். (கண்ணாடி முன் நிற்கும் காட்சி சுருக்கத்திலேயே 4 முறை வருகிறது. இந்த வகைக் கதைகளில் மிகவும் தேய்ந்துபோன காட்சி அது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.)

அடுத்தது, மூன்று கதைகளை அடுத்தடுத்து அடுக்கியிருக்கிறீர்கள். 1 முதல் 10 வரை விடுதி, 11 முதல் 20 வரை யாழினி, பிறகு பாலின அடையாளம். ஒன்றை ஒன்று தொடவே இல்லை. மற்ற இரண்டையும் நகர்த்த வேண்டியது தனிவாழ்க்கைதான். வீட்டில் இருந்தவரை கதிர் எந்தப் படிவத்தையும் தானாக நிரப்பியிருக்கமாட்டான். வெளியே வந்ததும் எல்லாமே அவனிடம் பெயரையும் பாலையும் கேட்கின்றன: விடுதிப் பதிவேடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு, பகுதிநேர வேலைக்கான விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன்' சொல்வதா, சொன்னால் எந்தக் குரலில் சொல்வது? குளிக்க எந்த நேரம் போனால் ஆள் இருக்காது? இவை ஒவ்வொன்றும் கதிரை ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்கும். யாரும் யாருக்கும் பாலினம் பற்றி வகுப்பு எடுக்கத் தேவையில்லாமல் அவன் மனநிலை தெரிந்துவிடும்.

பணத்தை விட்டுவிட்டீர்கள். சுதந்திரத்தைப் பற்றிய நாவலில் பணம் இல்லாவிட்டால் அந்தச் சுதந்திரத்தை நம்ப முடியாது. கதிரின் ஒரு மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதுங்கள். நாவலுக்குள் வேண்டாம், உங்களுக்காக. வீட்டிலிருந்து வருவது எத்தனை பங்கு, தானே சம்பாதிப்பது எத்தனை பங்கு, 20-ஆம் தேதி கையில் என்ன மிஞ்சும்? 24-ஆம் அத்தியாயத்தில் அப்பா பணம் அனுப்புவதை நிறுத்துகிறார். 25-இல் கதிர் தனியறையில் இருக்கிறான். முன்பணம் எங்கிருந்து வந்தது? அடையாளச் சான்றில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயரும் இருக்கும்போது வீட்டு உரிமையாளர் என்ன கேட்டார்? ஒப்பந்தத்தில் எந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டான்? இந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் நடுவே முழுசாக ஓர் அத்தியாயம் காணாமல் போயிருக்கிறது. நாவலின் மிகச் சிறந்த அத்தியாயமாக அது அமையக்கூடும். வீட்டுப் பணத்தில் இருக்கும்வரை உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்பதைக் கதிர் கணக்குப் போட்டுத்தான் தீர்மானிப்பான். அந்தக் கணக்கைக் கோழைத்தனமாகக் காட்டிவிடாதீர்கள்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்டது. தமிழில் இந்தச் சிக்கல் 'அவன், அவள்' என்பதோடு நிற்பதில்லை, வினைமுற்றிலும் உட்கார்ந்திருக்கிறது. படர்க்கையில் கிட்டத்தட்ட ஒவ்வொரு வாக்கியமும் பாலைச் சொல்லிவிட்டுத்தான் முடியும். அதே தமிழ் பாலைக் கேட்காமலே விட்டுவிடும் இடங்களும் நிறைய இருக்கின்றன. தன்மையிலும் முன்னிலையிலும் பால் கிடையாது: வந்தேன், வந்தாய். 'வரவில்லை' எல்லாருக்கும் பொது. வந்து, வந்த, வந்தபோது என்ற எச்சங்களும் பொது. தான், தன், தனக்கு என்பவையும் அப்படியே. 'கதிருக்குப் பசித்தது', 'கதிருக்குத் தெரியும்', 'கதிருக்குப் பிடிக்கவில்லை' என்று 'கு' உருபு போட்டு எழுதினால் வினை கதிரைத் தொடுவதே இல்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் உங்கள் கதைக்கு நான் சொல்வது தன்மை நடை. கதிரே 'நான்' என்று சொல்லட்டும். கதைசொல்லும் வாக்கியங்களில் பால் மறைந்துவிடும். மற்றவர்கள் பேசும் பேச்சில் மட்டும் 'அவள்' வரும், வரும்போதெல்லாம் குத்தும். வாசகர் அந்தக் குத்தை உணர உங்கள் பங்கில் ஒரு வரி விளக்கமும் தேவைப்படாது. இதற்கு ஓர் இழப்பு உண்டு. கதிர் இல்லாத இடத்தில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ளும் 12, 19, 26-ஆம் அத்தியாயங்களை எடுக்க வேண்டிவரும். அதில் தேவையானதைத் தம்பி தொலைபேசியில் சொல்லட்டும், பாதியை மறைத்தே சொல்லட்டும்.

படர்க்கைதான் வேண்டும் என்றால் முதல் வரியிலிருந்தே 'அவன்' என்று எழுதலாம். மாறிய பாலினத்தவரில் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள், ஏனென்றால் கதிர் இடையில் ஆணாக மாறவில்லை, இருந்ததை அறிந்துகொண்டான். வேலை செய்யும் விதமும் அழகானது:

"இவ எப்பவும் இப்படித்தான், கூப்பிட்டா காதுல விழாத மாதிரி நிப்பா," என்றாள் அத்தை. கதிர் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

பேச்சும் கதைசொல்லியும் முரண்படுகின்றன. முதல் பக்கத்தில் வாசகர் சற்றுக் குழம்புவார், இரண்டாம் பக்கத்தில் புரிந்துகொள்வார். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறேன் என்று அடைப்புக்குறி போட்டு விளக்கம் எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் செய்திருப்பதுபோல நடுவில் மாற்றுவதும் தவறில்லை, மாற்றும் இடம்தான் தவறு. உங்கள் பிரதியில் கதிர் பெற்றோரிடம் சொன்ன பிறகு கதைசொல்லி 'அவன்' என்கிறது. அப்படியானால் அவன் யார் என்பதைப் பெற்றோர் காதில் விழுந்த நேரம் தீர்மானிக்கிறது என்று ஆகிவிடுகிறது. மாற்றம், கதிர் தன்னிடமே ஒப்புக்கொள்ளும் நொடியில் நிகழ வேண்டும். அத்தியாய இடைவெளியில் வேண்டாம், ஒரு பத்தியின் நடுவே, அறிவிப்பு இல்லாமல் நிகழட்டும். அதன்பின் வரும் சிறுவயது நினைவுகளிலும் 'அவன்'தான். மறுபடி 'அவள்' என்று திரும்பினால் கதைசொல்லியே நம்பவில்லை என்றுதான் படும்.

'அவர்' போட்டால் சிக்கல் தீராதா என்று பலர் கேட்பதுண்டு. ஆண், பெண் இருமைக்குள் அடங்காத ஒரு பாத்திரம் தன்னை 'அவர்' என்று சொல்லச் சொன்னால், தயங்காமல் நாவல் முழுக்க அப்படியே எழுதுங்கள். கதிர் அப்படிக் கேட்கவில்லை. 18 வயதுப் பையனைக் கதைசொல்லி 31 அத்தியாயம் 'வந்தார், அழுதார்' என்றால் செய்தி வாசிப்பதுபோல ஒரு தூரம் விழும். பாலே தெரியாமல் கடைசிவரை சுற்றி எழுதுவது சிறுகதைக்குச் சரி. நாவல் நீளத்துக்கு அது தாங்காது, 'கதிருக்கு, கதிருக்கு' என்று வாக்கியங்கள் நொண்டும்.

உரையாடலில் ஒரு திருத்தம். 4-ஆம் அத்தியாயத்தில் யாழினி முதல்முறை 'டா' என்றதும் கதிர் உருகிப்போகிறான். இன்று நண்பர்களுக்குள் 'டா' பெண்களுக்கும் சகஜமாகப் போகிறது, ஆகவே அது ஆண் என்ற ஒப்புதலாகக் காதில் விழாது. 'டி' வராமல் போவதைத்தான் கதிர் கவனிப்பான். உறவுச் சொற்கள் இன்னும் கூர்மையானவை. உடன்பிறந்தவரைக் கூப்பிடப் பேச்சுத் தமிழில் பொதுச்சொல் இல்லை. தம்பி ஒன்று 'அக்கா' என்பான், இல்லை 'அண்ணா' என்பான். விஷயம் தெரிந்த பிறகு இரண்டும் வாயில் வராமல் 'இங்க பாரு', 'ஏய்', 'சாப்பிட்டியா' என்று மூன்று அத்தியாயம் சமாளிக்கட்டும். பிறகு ஏதோ அவசரத்தில், தன்னையறியாமல் 'அண்ணா' என்று கூப்பிடட்டும். உங்கள் 22-ஆம் அத்தியாயத்தில் இருக்கும் இரண்டு பக்க உரையைவிட இது அதிகம் செய்யும். அந்த உரையையும் எடுத்துவிடலாம்.

வீட்டில் வைத்த பெயரை நீங்கள் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். நான் இங்கே எழுதவில்லை, நாவலிலும் அது வேண்டியதில்லை. 'வருகைப் பதிவில் இருந்த பெயர்' என்றாலே போதும். அம்மா 'கண்ணு' என்று கூப்பிடுகிறவராக இருந்தால் பாதிக் காட்சிகளில் பெயரே தேவைப்படாது.

திருத்தத்தைத் தொடங்குமுன் ஓர் அட்டவணை போடுங்கள். இடது ஓரத்தில் அத்தியாய எண்கள், மேலே பாத்திரங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விவரம்: அந்த அத்தியாயத்தில் அவருக்கு விஷயம் தெரியுமா, எந்தப் பெயரால் கூப்பிடுகிறார், கதிர் இல்லாதபோது எப்படிக் குறிப்பிடுகிறார். மூன்றாவது விவரம் முக்கியம். முகத்துக்கு நேரே 'கதிர்' என்று கூப்பிட்டுவிட்டு முதுகுக்குப் பின்னால் 'அவ' என்று பேசும் ஒரு நண்பர் எந்த வில்லனையும்விட நம்பத் தகுந்தவர். இந்த அட்டவணை இல்லாததால்தான் சுருக்கத்தின்படி 17-இல் யாழினிக்குத் தெரிந்திருக்கிறது, 20-இல் முதல்முறையாகச் சொல்கிறான்.

அந்த 20-ஆம் அத்தியாயத்துக்கு வருவோம். யாழினியைப் பிடித்திருப்பதை வைத்து 'அப்படியென்றால் நான் ஆண்தான்' என்று கதிர் முடிவுக்கு வருகிறான். பாலின அடையாளம் வேறு, பாலீர்ப்பு வேறு. தான் யார் என்பது முதலாவது, யார்மேல் ஈர்ப்பு என்பது இரண்டாவது. பெண்களை நேசிக்கும் பெண்கள் இருக்கிறார்கள், ஆண்களை நேசிக்கும் திருநம்பிகளும் இருக்கிறார்கள். காதலைச் சான்றிதழாக்கினால் இந்த இரண்டு வகை வாசகர்களையும் கதைக்கு வெளியே தள்ளுகிறீர்கள். கதிர் தன்னை அறிவது யாழினி இல்லாத ஒரு காட்சியில் நடக்கட்டும்.

யாழினிக்கு இப்போது புரிந்துகொள்வதைத் தவிர வேறு வேலை இல்லை. அவளுக்கும் ஒரு சிக்கல் கொடுங்கள். தன்னைப் பெண்களை நேசிக்கும் பெண் என்று, சிரமப்பட்டு, அண்மையில்தான் ஒப்புக்கொண்டவளாக அவள் இருந்தால்? கதிர் ஆண் என்று தெரிந்ததும் அவள் கட்டிய வீடும் ஆடும். கதிரை நேசிப்பதா, தன்னைப் பற்றித் தானே கண்டுகொண்டதைக் காப்பதா என்று அவள் திணறுவதில் குற்றவாளி யாருமில்லை. அவர்கள் பிரிந்தாலும் அது நியாயமான பிரிவாக இருக்கும். இந்த வயதுக் கதையில் காதல் கடைசிவரை நீடித்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

உடை மாற்றும்போது தற்செயலாகப் பார்த்துவிட்டு யாழினி அதிரும் காட்சியை முழுவதுமாக நீக்குங்கள். உடலைக் காட்டி 'உண்மை வெளிப்பட்டது' என்று வைப்பது, கதிர் இதுவரை ஏமாற்றினான் என்று சொல்லாமல் சொல்கிறது. எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பது கதிர் கையில் இருக்கட்டும். நெருக்கமான காட்சிகளில் கேட்பதும் சம்மதிப்பதும் மறுப்பதும் வெளிப்படையாக இருக்க வேண்டும். கதிர் தன் உடலில் எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று சொல்வதே காதல் காட்சியாகும். இருவருக்கும் 18 நிறைந்திருக்கிறது என்பதைத் தெளிவாக்குங்கள். அதற்கும் கீழே வயதுள்ள எந்தப் பாத்திரத்தையும் பாலுறவுக் காட்சியில் வைக்காதீர்கள்.

28-ஆம் அத்தியாயத்தில் கதிர் டெஸ்டோஸ்டிரோன் (ஆண்பால் ஹார்மோன்) ஊசி தொடங்கிய மூன்றாம் வாரத்தில் தடித்த குரலும் தாடியுமாக வீட்டுக்குப் போகிறான். அப்படி நடக்காது. குரல் உடையத் தொடங்கவே சில மாதங்கள் ஆகலாம், நிலைகொள்ள ஓராண்டு, இரண்டாண்டு ஆகும். முழுத் தாடிக்கு நாலைந்து ஆண்டுகூடப் பிடிக்கும். மாதவிடாய் நிற்பதும் முதல் சில மாதங்களில் படிப்படியாக நடப்பது. தடித்த குரல், மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. நாவலில் காலம் ஓராண்டுதான் என்றால், பாதி உடைந்து பாதி கீச்சிடும் குரலோடு அவன் தொலைபேசியில் அம்மாவிடம் பேச, 'சளியா கண்ணு?' என்று அவர் கேட்பது தாடியைவிட நல்ல காட்சி. 5-ஆம் அத்தியாயத்தில் மீள்துணிப் பட்டையை (எலாஸ்டிக் பேண்டேஜ்) மார்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு இரவில் தூங்குவதையும் எந்த எதிர்வினையும் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டை மூச்சை நெருக்கும், விலா எலும்பைப் பாதிக்கும். இதற்கென்றே தைத்த மார்பிறுக்கி உள்ளாடையையும் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் அணியக் கூடாது, தூங்கும்போது கழற்றிவிட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. படிப்பவர்களில் சிலர் அன்றிரவே முயன்று பார்க்கக்கூடிய வயதினர். கதிர் செய்யலாம், ஆனால் வலி வரட்டும், யாராவது கவனிக்கட்டும்.

கல்லூரி மனநல ஆலோசகர் கதிரின் பாலின அடையாளத்தை 'மனநோய்' என்கிறார், கதை அதை மறுக்காமல் நகர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதே இது மனநலக் கோளாறுகளின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, பாலியல் நலம் சார்ந்த பகுதிக்கு மாற்றப்பட்டுவிட்டது. ஆலோசகர் பழைய கருத்தோடு இருக்கலாம். அது பழையது என்று நாவலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதிருக்கு வழிகாட்டும் வயதான திருநங்கையை 27-ஆம் அத்தியாயத்தில் தற்கொலை செய்துகொள்ள வைத்திருக்கிறீர்கள், கதிருக்குத் துணிவு பிறப்பதற்காக. இதை மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: மாற்றுங்கள். அவருக்கு இருக்கும் மூன்று காட்சிகளிலும் அறிவுரை சொல்கிறார் அல்லது அழுகிறார், பிறகு செத்துப்போகிறார். அவருக்கு ஒரு வேலை, ஒரு பொழுதுபோக்கு, கதிர்மேல் எரிச்சல் வரும் ஒரு நாள் இருக்கட்டும். தற்கொலை எண்ணம் கதையில் வேறெங்காவது வந்தே தீர வேண்டுமென்றால், முறையை விவரிக்க வேண்டாம், அதைத் தீர்வாகவும் காட்ட வேண்டாம், உதவி கேட்க ஒரு மனிதர் பக்கத்தில் இருக்கட்டும்.

அம்மாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்துவதற்குப் பதில் நடைமுறைக் கேள்வி கேட்கட்டும்: 'சர்டிபிகேட்ல எந்தப் பேரு வரும்?' அதில் பயமும் இருக்கும், பாதி ஒப்புதலும் இருக்கும்.

5-ஆம் அத்தியாயத்தில் அறைத்தோழி மூன்று பக்கம் பாடம் நடத்துகிறாளே, அதுபோன்ற பத்திகளை எல்லாம் ஒரே நிறப் பேனாவால் அடிக்கோடிடுங்கள். அதைக் கேட்பதால் யாராவது எதையாவது இழக்கிறார்களா, முடிவை மாற்றுகிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பத்தி வாசகருக்கு நீங்கள் எழுதிய குறிப்பு, நீக்கிவிடலாம். நீளமும் குறையும். ஆங்கிலத்தில் இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் 50,000 முதல் 80,000 சொற்கள். தமிழில் விகுதிகளும் உருபுகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை குறைந்த சொற்களில் அடங்கும். உங்கள் 72,000 நீளம்தான்.

திருத்திய பிரதியைத் திருநம்பிகள் இரண்டு மூன்று பேரிடமாவது கொடுங்கள், இறுதி வடிவத்துக்கு முன்பே. ஒருவர் அனுபவம் எல்லாருடையதும் ஆகாது. படிப்பதற்கு ஊதியம் கொடுங்கள். 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால் மரியாதைக்கு 'நன்றாக இருக்கிறது' என்பார்கள். எந்தப் பக்கத்தில் எரிச்சல் வந்தது, எந்தக் காட்சி பார்வையாளருக்காக நடிப்பதாகப் பட்டது, எங்கே கதிர் வாயில் எழுத்தாளர் பேசுகிறார் என்று பக்க எண்ணோடு கேளுங்கள்.

கடைசியாக, படர்க்கையிலேயே இருக்க முடிவு செய்தால் பால் விகுதிகளைத் திருத்துவதை எல்லாவற்றுக்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அச்செடுத்த தாளில் செய்யுங்கள். கணினியில் '-ாள்' என்று தேடி '-ான்' என்று மொத்தமாக மாற்றினால், அம்மா சொன்னதும் யாழினி சிரித்ததும் ஆண்பாலாகிவிடும். அதோடு 'நாள்' எல்லாம் 'நான்' ஆகும், 'தாள்' எல்லாம் 'தான்' ஆகும். மறுபக்கம் 'அவளை, அவளுக்கு, அவளோடு', 'வந்தவள்', 'மாணவி', 'தோழி', 'பேத்தி' ஆகியவை அந்தத் தேடலில் சிக்காமல் அப்படியே நிற்கும். இவற்றைத் தனித்தனியாகத் தேடி, கதிரைக் குறிப்பவற்றை மட்டும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். மாற்றும்போது அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தை பேச்சில் வரும் 'இவ' மாறக் கூடாது.